இரண்டு சூரியனுக்குக் கீழே ஒரு கம்பளி யானை

கேள்வி: கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறேன். 'ஸ்டார் வார்ஸ்' முதல் படத்தில் மணல் மனிதர்கள் ஏறி வரும் பாந்தா என்ற மிருகத்தை வைத்து எங்கள் அறையில் ஒரு வாரமாகச் சண்டை. கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பன், "இரண்டு சூரியன் காய்கிற பாலைவனத்தில் தரையைத் தொடும் ரோமத்தோடு யானை சைஸில் ஒரு மிருகமா? ஒரே மணி நேரத்தில் சுருண்டு விழுந்துடும்" என்கிறான். "ஒட்டகத்துக்கும்தானே ரோமம் இருக்கு" என்று நான் சொன்னேன். பிரியாணி பந்தயம் கட்டிவிட்டோம். அப்படி ஒரு விலங்கு நிஜப் பாலைவனத்தில் பிழைக்குமா? ஒட்டகம்போலப் பொதி சுமக்க உதவுமா? படத்தில் நடித்தது எந்த விலங்கு?

பின்குறிப்பு: லூக் குடிக்கிற நீலப் பால் பாந்தாவின் பால்தானா? அதை நாமும் குடிக்க முடியுமா?

பதில்: பிரியாணிக் காசை ஆளுக்குப் பாதியாகப் போட்டுக்கொள்ளுங்கள். ரோம விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. ஆனால் உங்கள் நண்பர் வெயிலைப் பிடித்துக்கொண்டு தொங்காமல் தீவனத்தைப் பிடித்திருந்தால் உங்களை மடக்கியிருப்பார்.

நடித்தது யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றக் கேள்விகளுக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது.

நடித்தது யானை. மார்ஜி என்று பெயர். ஆசிய யானை, பெண். கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில் அப்போது இயங்கிய 'மரைன் வேர்ல்ட் ஆப்பிரிக்கா யு.எஸ்.ஏ.' என்ற விலங்குக் காட்சிப் பூங்காவைச் சேர்ந்தது. மணல் மனிதர்கள் வாழும் டாட்டூயின் கிரகத்துக் காட்சிகளில் பெரும்பகுதியை ஜார்ஜ் லூகாஸ் 1976இல் வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் எடுத்தார். பாந்தாவை மட்டும் அங்கே எடுக்கவில்லை. படம் 1977 மே 25இல் வெளியானது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான் அமெரிக்காவின் டெத் வேலிக்கு மார்ஜியைக் கொண்டுபோய் அந்தக் காட்சிகளை எடுத்தார்கள். அந்தச் சமயத்தில் லூக்காக நடித்த மார்க் ஹாமில் கார் விபத்தில் அடிபட்டு மருத்துவமனையில் இருந்தார். டெத் வேலிக்கு அவரால் வர முடியவில்லை.

வேடம் போட்ட விதத்தை நம் நாடகக் கொட்டகைக்காரர்கள் கேட்டால் சந்தோஷப்படுவார்கள். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலையை வளைத்துத் தலை செய்து, அதன்மேல் நுரைப்பஞ்சு ஒட்டினார்கள். வீடுகளில் காற்றோட்டத்துக்காகப் போடும் வளையும் குழாயைச் சுருட்டினால் செம்மறிக் கடாவின் கொம்பு தயார். தாடிக்குக் குதிரை மயிர். முதுகின்மேல் அம்பாரி மாதிரி ஒரு சட்டம் வைத்து, அதிலிருந்து பனை வகை மரத்தின் ஓலைகளைத் தொங்கவிட்டார்கள். நாம் திரையில் ரோமம் என்று பார்ப்பது அந்த ஓலையைத்தான். வாலுக்குக் கட்டை, கட்டையைச் சுற்றி முரட்டு மயிர்.

அந்த வேடம் மறைக்காதது யானையின் நடையை. அவசரமே இல்லாமல், உடம்பு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் வரும் அந்த அசைவை எந்தப் பொம்மையாலும் கொண்டுவர முடியாது. வேகமாகப் போகும்போதுகூட யானையின் நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழுவதில்லை. கனத்த விலங்கு கனமாக நடந்தால் பார்க்கிறவன் கேள்வி கேட்க மாட்டான். அதே படத்தில் பேரரசின் வீரர்களுக்கு வாகனமாக வரும் டியூபேக் என்ற பல்லி வகை மிருகத்தை நினைத்துப் பாருங்கள். அது அசையாத முழு அளவுப் பொம்மை. தூரத்தில் நின்றது நின்றபடி இருக்கும். 1997இல் வந்த சிறப்புப் பதிப்பில் கணினி வரைகலையில் அதை நடக்கவிட்டார்கள். என் கண்ணுக்கு அந்த டியூபேக் இன்றைக்கும் ஒட்டவைத்த படமாகத்தான் தெரிகிறது. சில நொடிகளே வரும் மார்ஜி மிருகமாகவே தெரிகிறது.

சரி, ரோமத்துக்கு வருவோம்.

வெயிலில் கம்பளி போர்த்தினால் வெந்துபோவோம் என்பது நம் அனுபவம். நம் ஊரில் பெரும்பாலான நாள்களில் காற்றின் சூடு நம் உடம்புச் சூட்டைவிடக் குறைவு. உடம்புக்குள் உண்டாகும் சூடு வெளியே போக வழி கேட்கிறது. கம்பளி அந்த வழியை அடைக்கிறது. பாலைவனத்தின் உச்சிப்பொழுதில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். காற்று 45 டிகிரி, மணல் 60ஐத் தாண்டிவிடும், மேலே சூரியன். சூடு வெளியிலிருந்து உடம்புக்குள் நுழையப் பார்க்கிறது. ஐஸ் கட்டியை மரத்தூளில் புதைத்து வைப்பார்களே, உச்சிப்பொழுதில் ரோமம் செய்வது அந்த மரத்தூளின் வேலையைத்தான்.

இதை ஊகமாகச் சொல்லவில்லை. நார்வேயில் பிறந்த உடலியங்கியல் அறிஞர் க்னூட் ஷ்மிட்-நீல்சன், 1953-54இல் குடும்பத்தோடு அல்ஜீரியாவின் பெனி அபெஸ் என்ற பாலைவனச் சோலையில் தங்கி ஒட்டகங்களை ஆராய்ந்தார். ஒட்டகம் திமிலில் தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது என்ற பழைய கதைக்கு முற்றுப்புள்ளி வைத்தவர்களில் அவர் முக்கியமானவர். திமிலில் இருப்பது கொழுப்பு. அங்கே அவர் செய்த பரிசோதனைகளில் ஒன்று உங்கள் பந்தயத்துக்காகவே செய்ததுபோல இருக்கும்: ஒட்டகத்தின் ரோமத்தை மழித்துவிட்டு அது எவ்வளவு தண்ணீரை இழக்கிறது என்று அளந்தார். ரோமத்தோடு இருந்த ஒட்டகத்தைவிட மழித்த ஒட்டகம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு தண்ணீரை வியர்வையிலும் மூச்சிலும் இழந்தது. கம்பளியைக் கழற்றியதும் அதற்குத் தாகம் கூடிவிட்டது.

நிறத்தைப் பற்றியும் யாராவது வாதம் செய்யலாம். பாந்தாவின் ரோமம் கரும்பழுப்பு. கறுப்பு சூட்டை இழுக்குமே? இழுக்கும். சினாய்ப் பகுதியின் பதூயீன் மக்கள் கறுப்பு அங்கி அணிவதும் கறுப்பு ஆடு வளர்ப்பதும் ஏன் என்று ஆராய்ந்த ஒரு கட்டுரை 1980இல் 'நேச்சர்' இதழில் வந்தது. கறுப்பு அங்கி கூடுதலாக வாங்கும் சூடு தோலை எட்டுவதற்குள் காற்றோடு போய்விடுகிறது, வெள்ளை அங்கி போட்டவருக்கும் கறுப்பு அங்கி போட்டவருக்கும் உடம்பில் ஏறும் சூடு ஒன்றுதான் என்று அதில் காட்டினார்கள். ஆகவே நிறத்தால் பாந்தாவுக்குப் பெரிய கெடுதி இல்லை.

உங்கள் நண்பரின் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. அவர் யானையை மனதில் வைத்துப் பேசுகிறார். பெரிய உடம்புக்குப் பரப்பு குறைவு, கன அளவு அதிகம். சூட்டை வெளியேற்றுவதே யானையின் தீராத தலைவலி. காதை விசிறுவதும் சேற்றைப் பூசிக்கொள்வதும் அதற்காகத்தான். அதன் தோலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் முடிகூடச் சூட்டை வெளியேற்ற உதவுகிறது என்று 2012இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தார் கணக்கிட்டுக் காட்டினார்கள். முடி அடர்த்தியானால் பலன் எதிர்மாறு. அப்படியானால் யானை சைஸ் உடம்பில் அடர்ந்த கம்பளி?

இங்கேதான் ஒட்டகத்திடமிருந்து இன்னொரு வித்தையைக் கடன் வாங்க வேண்டும். தண்ணீர் கிடைக்காத நாள்களில் ஒட்டகம் தன் உடல் சூட்டை ஒரே அளவில் வைத்துக்கொள்ள மெனக்கெடுவதில்லை. விடியற்காலையில் 34 டிகிரிக்கு இறங்கும். மாலையில் 40ஐத் தாண்டும். நமக்கு அந்த அளவு காய்ச்சல் வந்தால் படுத்துவிடுவோம். பகலில் சேர்த்த சூட்டை இரவின் குளிரில் வியர்வை செலவில்லாமல் விட்டுவிடுகிறது. 500 கிலோ ஒட்டகத்துக்கு இதனால் ஒரு நாளைக்கு மிச்சமாகும் தண்ணீர் சுமார் 5 லிட்டர். பாந்தாவை 4 டன் என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால் 40 லிட்டர் மிச்சம். உடம்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகத்தான் அது சூடேறும். எனவே ஒரு மணி நேரத்தில் சுருண்டு விழும் என்பது நடக்காது. பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ள அதற்கு இடம் இருக்கிறது; சிக்கல் வந்தால் இரவில் வரும், வாங்கியதை விட முடிகிறதா என்பதில்.

அதனால் பாந்தாவின் ரோமத்தில் நான் காணும் குறை, அதன் அடர்த்தியில் இல்லை, தொங்கும் நீளத்தில்தான். ஒட்டகத்தைப் பக்கத்தில் நின்று பாருங்கள். முதுகிலும் திமிலிலும் ரோமம் அடர்ந்திருக்கும். வயிற்றுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் மெலிந்துபோயிருக்கும். வெயில் படும் இடத்தில் காப்பு, நிழல் விழும் இடத்தில் ஜன்னல். ஒட்டகத்தின் நெஞ்சுக்கடியில் காய்த்துப்போன ஒரு மேடு உண்டு. மடங்கி உட்காரும்போது அது முட்டுக்கட்டையாக நின்று உடம்பைத் தரையிலிருந்து தூக்கிக்கொடுக்கும். வயிற்றுக்கடியில் காற்று ஓடும். பாந்தாவுக்கோ நாலா பக்கமும் ஓலைப் பாவாடை. வயிற்றுக்குக் காற்றே போகாது. வேடம் செய்தவர்களுக்கு யானைக் கால் தெரியக் கூடாது என்பது கவலை, அதில் தப்பில்லை. நிஜ விலங்காக வேண்டுமென்றால் முழங்காலுக்கு மேலே கத்தரித்துவிட வேண்டும்.

கொம்பைப் பற்றிச் சண்டை வராமல் இருந்தது ஆச்சரியம். அத்தனை பெரிய சுருள் கொம்பு பாலைவனத்தில் வீண் சுமை என்று தோன்றும். ஆனால் மார்ஜியைக் கொண்டுபோன டெத் வேலியைச் சுற்றியுள்ள மலைகளிலேயே பாலைவனப் பெருங்கொம்புச் செம்மறிகள் வாழ்கின்றன. முதிர்ந்த கடாவின் கொம்பு சுருண்டு கன்னத்தைத் தாண்டி முன்னால் வரும். பாந்தாவின் கொம்பு கற்பனை என்றாலும் அதற்குச் சொந்தக்காரன் பக்கத்துக் குன்றில் மேய்ந்துகொண்டிருந்தான்.

அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டெத் வேலியில் காப்பர் கேன்யன் என்ற இடத்தில், பழைய ஏரிக்கரைச் சேறு கல்லாக இறுகிய பாறைகளில் பல லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய விலங்குகளின் கால் தடங்கள் இருக்கின்றன. பறவை, குதிரை இவற்றோடு ஒட்டகத்தின் தடமும், யானைக்கு உறவான மாஸ்டோடனின் தடமும் உண்டு. யானையை ஒட்டகமாக்கி ஒரு சினிமாக் குழு நடத்திக்கொண்டுபோன பள்ளத்தாக்கில் அவை இரண்டின் உறவுக்காரர்களும் எப்போதோ நடந்திருக்கிறார்கள்.

ஒட்டகம் அரபு நாட்டு விலங்கு என்று நினைத்தே பழகிவிட்டோம். அதன் பரம்பரை தோன்றியது வட அமெரிக்காவில், சுமார் 4.5 கோடி ஆண்டுகளுக்கு முன். அங்கிருந்துதான் ஆசியாவுக்கு வந்தது. பிறந்த வீட்டில் பிறகு அற்றுப்போனது. கனடாவின் வடகோடியில், ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் எல்ஸ்மியர் தீவில் ஏறக்குறைய 35 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு கால் எலும்பு சில்லுச் சில்லாகக் கிடைத்தது. அதிலிருந்த புரதத்தைச் சோதித்து, அது ஒட்டகத்தின் எலும்புதான் என்று 2013இல் அறிவித்தார்கள். இன்றைய ஒட்டகத்தைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் பெரியது. அன்று அந்தத் தீவில் காடு இருந்தது. ஆறு மாதம் பனியும் இருட்டும். திமிலில் சேரும் கொழுப்பும் அகன்ற பாதமும் பனிக்காக உருவாகி, மணலுக்குப் பிறகு கைகொடுத்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: பெரிய உடம்பு, அடர்ந்த ரோமம், குளிர்நாட்டுப் பிறப்பு, கடைசியில் பாலைவன வாழ்வு. பாந்தாவின் வரலாற்றை எழுதச் சொன்னால் இதைத்தான் நான் எழுதுவேன். கோபிப் பாலைவனத்தின் இரட்டைத் திமில் ஒட்டகம் குளிர்காலத்தில் மயிர் தொங்கத் தொங்க நிற்கும் படத்தை நண்பரிடம் காட்டினால் உங்கள் பங்குப் பிரியாணி உறுதி.

மணலில் நடக்க யானைக் கால் போதுமா? போதும். யானை உண்மையில் விரல் நுனியில் நடக்கும் விலங்கு. குதிகாலுக்கடியில் கொழுப்பும் நாரும் நிறைந்த தடித்த மெத்தை இருக்கிறது. ஊன்றும்போது விரியும், தூக்கும்போது சுருங்கும். நடக்கையில் முன்கால் வைத்த இடத்திலேயோ அதை ஒட்டியோதான் பின்கால் விழும். இது படத்தில் வரும் ஒரு துப்பையும் நம்பத்தக்கதாக்குகிறது. மணல் மனிதர்கள் தங்கள் எண்ணிக்கையை மறைக்க ஒருவர் பின் ஒருவராகத்தான் போவார்கள், இங்கே தடம் பக்கம் பக்கமாக இருக்கிறது, ஆகவே கொலை செய்தவர்கள் வேறு என்று லூக்கின் குரு ஓபி-வான் கண்டுபிடிப்பாரே, அந்த இடம். தடத்தின்மேல் தடம் விழ நடக்கும் விலங்குகள் வரிசையாகப் போனால் எத்தனை போயின என்று எண்ணுவது பெரும்பாடு.

இனி உங்கள் நண்பர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அது என்னத்தைத் தின்னும்?

யானை ஒரு நாளைக்கு 150 கிலோ தின்னும். அசை போடாத விலங்கு. தின்றதில் பாதிகூடச் செரிக்காது. குடிக்க 100 லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பாலைவனத்தில் யானை இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நமீபியாவின் குனேனே பகுதியில் ஆப்பிரிக்க யானைகள் பாலைவனத்தில்தான் வாழ்கின்றன. நாள்கணக்கில் தண்ணீர் இல்லாமலும் சமாளிக்கின்றன. எப்படி? ஹோஅனிப், ஹோஅருசிப் போன்ற காட்டாறுகள் அங்கே பாலைவனத்தைக் குறுக்கே வெட்டிப் போகின்றன. மேலே மணல், ஆனால் ஆற்றுப்படுகைக்கு அடியில் ஈரம். கரை நெடுக மரங்கள் நிற்கின்றன. அவற்றின் இலையும் காயும் பட்டையும் தீனி. ஊற்றுத் தோண்டித் தண்ணீர் குடிக்க யானைக்குத் தெரியும். அந்த ஆறுகள் இல்லையென்றால் அந்த யானைகளும் இல்லை.

டாட்டூயினில் நமக்குக் காட்டப்பட்டது என்ன? உப்புத்தரை, மணல்மேடு, பாறை. காற்றிலிருக்கும் ஈரத்தை இயந்திரம் வைத்துப் பிடித்து விற்பதுதான் லூக் வளர்ந்த வீட்டின் தொழில். தண்ணீரையே விவசாயம் செய்யும் ஊரில் ஒரு மரம் கண்ணில் படவில்லை. வாரக்கணக்கில் தீனியும் தண்ணீரும் இல்லாமல் பாந்தா தாங்கும் என்று ஸ்டார் வார்ஸ் கையேடுகளில் எழுதிவைத்திருக்கிறார்கள். தாங்கட்டும்; ஒரு நாள் தின்றாக வேண்டுமே. ஒன்றிரண்டு பாந்தா என்றால் எங்காவது மேய்ந்து பிழைக்கும். ஒரு குடியே மந்தை மந்தையாக வைத்துக்கொண்டு அலைகிறது என்றால், கேமரா போகாத பக்கத்தில் நல்ல புல்வெளி ஒன்று இருந்தாக வேண்டும். இந்த ஓட்டை கதையில் இருக்கிறது. உங்கள் நண்பர் இதைச் சொல்லியிருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன்.

பொதி சுமக்குமா என்றால், சுமக்கும்; வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகாது. உடம்பு பெருக்கிற அளவுக்குச் சுமை பெருகாது என்பது விலங்குகளில் பொதுவிதி. மாலி நாட்டில் தாவோதேனி உப்புச் சுரங்கத்திலிருந்து திம்புக்துவுக்கு 650 கிலோமீட்டருக்கு மேல் மணலில் நடந்த உப்பு வணிகக் கூட்டங்களில், ஒவ்வோர் ஒட்டகத்தின் முதுகிலும் 30 கிலோவுக்குக் குறையாத உப்புப் பாளம் நான்கு இருக்கும். அரை டன் எடையுள்ள விலங்கு 150, 200 கிலோவைத் தூக்கிக்கொண்டு வாரக்கணக்கில் நடக்கிறது. மூன்று டன் யானைமேல் நெடும் பயணத்துக்கு ஏற்றக்கூடியது அரை டன் அளவுதான். மூன்று ஒட்டகம் அந்தச் சுமையை எடுத்துவிடும். ஒரு யானையின் தீனியைவிட மிகக் குறைவாகவே மூன்றும் சேர்ந்து தின்னும். சாமான் ஏற்றி அனுப்பும் செட்டியார் எவரும் பாந்தாவை வாங்க மாட்டார்.

படம் எடுத்தவர்களுக்கு இது தெரிந்திருந்ததோ, தற்செயலோ, டாட்டூயினில் வேலை சரியாகத்தான் பிரிந்திருக்கிறது. பாந்தா வைத்திருப்பவர்கள் மணல் மனிதர்கள். அவர்கள் வியாபாரிகள் இல்லை, நாடோடிகள், கொள்ளைக்காரர்கள். அவர்களுக்கு அது வாகனம், காவல், கூட்டாளி. கடைத்தெருவில் சாமான் ஏற்றி நிற்பது வேறு மிருகங்கள். 1999இல் வந்த 'தி ஃபேன்டம் மெனஸ்' படத்தில் பந்தய வண்டியின் எஞ்சினை மைதானத்துக்கு இழுத்துப்போவது இயோப்பி என்ற சிறிய விலங்கு. தொங்கும் மூக்கு, மெல்லிய கால், வெளிர் நிறம். 2022இல் வந்த தொடரில் தலைமறைவாக வாழும் ஓபி-வான் வேலைக்குப் போய்வருவதும் இயோப்பியின்மேல்தான். பாலைவனப் பொதி விலங்கு எது என்று ஒரு கால்நடை மருத்துவ மாணவர் அந்தக் கிரகத்தில் தேடினால் அவர் கை காட்ட வேண்டியது இயோப்பியை. பாந்தாவின்மேல் ஒரு முழுப் பாரம் ஏற்றிப் பார்த்ததாக எனக்கு நினைவிருப்பது 'தி மாண்டலோரியன்' தொடரின் இரண்டாம் பருவம், முதல் பகுதி (2020). ஏற்றியது வெடிமருந்து, போன இடம் ராட்சத நாகத்தின் வாய்.

இந்த விஷயத்தில் ஃபிராங்க் ஹெர்பர்ட் கெட்டிக்காரர். 'டியூன்' (1965) நாவலின் பின்னிணைப்பில் இருக்கும் சொற்பட்டியலில், ஆசியப் புல்வெளிக் காட்டுக்கழுதையான குலானை அராக்கிஸ் என்ற பாலைவனக் கிரகத்துக்குப் பழக்கியிருக்கிறார்கள் என்று ஒரு வரி எழுதிவைத்தார். அங்கே மணற்புழுவின்மேல் ஏறும் ஃப்ரெமன் மக்களைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். அந்தக் கழுதையைப் பற்றிப் பேச ஆளில்லை.

பின்குறிப்புக்குப் பின்குறிப்பு. தன்னை வளர்த்த ஓவன், பெரு தம்பதியின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லூக் குடிக்கும் நீலப் பால் எந்த மிருகத்தினுடையது என்று 1977 படம் சொல்லவில்லை. பாந்தாவின் பால் என்று பின்னால் வந்த நூல்கள் சொல்லின. படப்பிடிப்பில் அது கெடாமல் நீண்ட நாள் இருக்கும் பாக்கெட் பாலில் நீலச் சாயம் கலந்தது. குடிக்கச் சகிக்கவில்லை என்று ஹாமிலே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தண்ணீர் இல்லாத ஊரில் பால் கறக்க முடியுமா என்று நண்பர் அடுத்த பந்தயத்துக்கு வந்தால் தயங்காமல் கட்டுங்கள். தண்ணீர் குறைவாகக் கொடுத்து வளர்த்த ஒட்டகத்தின் பாலைச் சோதித்த ஓர் இஸ்ரேல் ஆய்வு 1980இல் வெளிவந்தது. அந்தப் பாலில் நீரின் பங்கு 86 சதவீதத்திலிருந்து 91க்கு ஏறியிருந்தது. தாய் காய்ந்தாலும் குட்டிக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறது. நிறத்துக்கு மட்டும் என்னிடம் நல்ல விளக்கம் இல்லை. கொழுப்பு நீக்கிய பாலில் லேசான நீலச் சாயல் தெரியும், அதற்குமேல் இயற்கை போகாது.

குடிக்க வேண்டுமென்றால் அமெரிக்கா போக வேண்டும். கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டிலும் ஃபுளோரிடாவிலும் 2019இல் திறந்த ஸ்டார் வார்ஸ் பகுதிகளில் நீலப் பால் விற்கிறார்கள், ஐஸ் போட்டு. அதில் மாட்டுப் பாலும் இல்லை, பாந்தாப் பாலும் இல்லை. தேங்காய்ப் பாலும் அரிசிப் பாலும்தான்.